ஏழெட்டு

ஷெஃபீல்டில் மூன்று நாளாக மழை.
நான்காம் வகுப்பின் மூலையில் சிவப்பு வாளி
கூரையின் ஒழுக்கை எண்ணிக்கொண்டிருக்கிறது.
ஆய்வுப் படிவத்தில், 'கட்டடம்' என்ற கட்டத்தில்
'போதாது' என்று எழுதினேன்.

மிஸஸ் ஹார்க்ரீவ்ஸ் கேட்கிறார்:
ஏழெட்டு எவ்வளவு?
முன்வரிசை இட்மான் கையைத் தூக்கியபடி
நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்துவிட்டாள்.
"லுபோமிர், நீ சொல்லு."

அவன் உதடுகள் அசைகின்றன.
ஏழு ரோமானியில், எட்டு ஸ்லோவாக்கில்,
எங்கோ நடுவழியில் பெருக்கல்.
என் கடிகாரத்தில் பத்து விநாடி. பதினொன்று.
பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள்.
வாளியில் சொட்டு.
ஆசிரியை காத்திருக்கிறார்,
தாமதமானாலும் பேருந்து வரும் என்று
தெரிந்தவர் போல.

"ஐம்பத்தி...
ஆறு."

'விடையளிக்கும் வேகம்: குறைவு.'
எழுதிவிட்டேன். பொய்யில்லை.
பதினான்கு விநாடியில்
இரண்டு எல்லை தாண்டி வந்தவனுக்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.
அதுவரை வாய் திறக்காமல் நின்றவருக்கும் இல்லை.

மணி அடித்ததும் என் மேசைக்கு வந்தான்.
எதிரே நின்று தலைகீழாகவே படித்தான்.
"இது என் பேரா?"
ஆமாம் என்றேன்.
"தப்பு."
பேனாவை வாங்கி
முதல் எழுத்தின் தோளருகே
கொசுக்கால் அளவு ஒரு கோடு இட்டான்.

இருபது வருடமாகப் பள்ளிகளுக்கு மதிப்பெண் இடுகிறேன்.
அந்தக் கோட்டை நான் இன்னொரு தாளில்
போட்டுப் பார்த்தேன். கோணலாக வந்தது.

"மெதுவா எழுதுங்க" என்றான்,
"அவசரமில்ல."

அதற்குள் இட்மான்
நிரம்பிய வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு
கதவை முதுகால் தள்ளினாள்.