சுருக்கொப்பம்

அளவுப் புத்தகத்தில் அழிக்கக் கூடாது.
எண் பிழைத்தால் அதன்மேல் ஒற்றைக் கோடு,
கோட்டுக்கு மேலே சரியான எண்,
பக்கத்தில் சுருக்கொப்பம்.
அடித்ததும் படிக்கும்படி இருக்க வேண்டும்.
சேலம் நெடுஞ்சாலைத் துறையில்
பதினான்கு வருடம் நான் எழுதிய உரைநடை
இவ்வளவுதான்.

இப்போது நாவல் எழுதுகிறேன்.
இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது
நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து அறையில்
எழுபதாம் பக்கத்தில் படுத்துவிட்டது.

போன மாதம் அஸ்தம்பட்டியில் ஒரு கூட்டம்.
மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
பச்சைச் சட்டைப் பையன் கேட்டான்:
"மேடம், நீங்க விதியை நம்புறீங்களா?"
எந்த விதி என்றேன்.
பள்ளம் தோண்ட ஒரு விதி இருக்கிறது,
ஜல்லி சலிக்க ஒன்று,
டெண்டர் திறக்க முப்பத்தெட்டு.
அரங்கம் சிரித்தது. பையன் சிரிக்கவில்லை.

அதனால் அவனுக்கு ஒரு கதை சொன்னேன்.
ஏற்காடு மலைப்பாதை, பதினோராவது கொண்டை ஊசி வளைவு,
ஐப்பசி இரவு, கொட்டும் மழை.
நான் கட்டிய தடுப்புச் சுவரில் கை வைத்து
இனி எழுத்துதான் என்று முடிவெடுத்தேன்.
கை தட்டினார்கள்.

அப்படி ஓர் இரவு இல்லை.

இருந்தது ஒரு வியாழக்கிழமை மதியம்.
பையில் பதவி உயர்வு ஆணை, ராமநாதபுரத்துக்கு.
சூரமங்கலத்தில் ஸ்கூட்டி பஞ்சர்.
மாதேசன் டியூபைத் தண்ணீரில் முக்கி
குமிழி தேடிக்கொண்டிருந்த இருபது நிமிடம்
எதிர்க்கடையில் தட்டுவடை செட் தின்றேன்.
விரலெல்லாம் காரச் சட்னி.
ஏற்கிறேன் என்று கையெழுத்திட வேண்டிய தாளை
எடுக்கத் தோன்றவில்லை.
கை கழுவிய பிறகும் தோன்றவில்லை.

அக்கா கனகவல்லி தலையெழுத்து என்றாள்.
இல்லை, கையெழுத்து என்றேன்.
போடாத கையெழுத்து.

ஆணியை ஒரு சாண் விலகிப் போயிருந்தால்
இந்நேரம் கோட்டப் பொறியாளர் பரிமளா.
மேஜைமேல் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே முருகன்,
வாசலில் ஜீப்.
அவளும் நல்லவளாகத்தான் இருப்பாள்.
தூக்கம் வராத இரவுகளில்
அவளுக்குப் பிடித்தம் போக எவ்வளவு வரும் என்று
கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

கதையில் சுவர் மட்டும் உண்மை.
பின்னால் மலை சாய்ந்துகொண்டே இருக்கும்;
தண்ணீர் வெளியேற வழிவிட்டால் சுவர் நிற்கும்.
அதற்குத்தான் வடிதுளைகள்.
அறுபத்து நான்கு என்று
அளவுப் புத்தகத்தில் என் எழுத்தில் இருக்கிறது.
நான் எண்ணவில்லை.
மூடுபனி, கடைசி பஸ், குளிர்.
"அறுபத்தி நாலுங்க" என்றார் மேஸ்திரி குழந்தைவேலு.
எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை மேலே போகும்போதும்
ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணுகிறேன்.
ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. ஒருமுறை அறுபத்தைந்து.
முடிப்பதற்குள் பஸ் திரும்பிவிடும்,
சுவர் இருந்த இடத்தில் கீழே
வெள்ளைக்கல் சுரங்கம் வாய் பிளந்து கிடக்கும்.

விழுந்திருந்தால் சௌகரியம்.
குற்றம், விலகல், எழுத்து என்று
மூன்று அத்தியாயம் தேறியிருக்கும்.
எத்தனையோ மழைக்குப் பிறகும்
விரிசல்கூட இல்லாமல் நிற்கிறது.
அதை வைத்து என்ன செய்வது?

போன புதன்கிழமை இறங்கிவிட்டேன்.
"இங்க ஸ்டாப் இல்லைங்க" என்று
முணுமுணுத்துக்கொண்டே கண்டக்டர் விசிலடித்தார்.
மேல் வரிசை, கீழ் வரிசை,
ஒவ்வொன்றிலும் சுட்டுவிரலை விட்டு எண்ணினேன்.
சில சொட்டின. ஒன்றில் தேரைக்குஞ்சு.
அறுபத்து மூன்று.

கடைசியில், சுவர் மலையோடு சேரும் மூலையில்
கொத்தாக ஒரு பெரணி.
சும்மா கல்லிடுக்கில் முளைத்ததா,
உள்ளே துளை இருக்கிறதா?
விலக்கிப் பார்த்திருக்கலாம்.
வேர் ஈரமாக இருந்தது.
விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நின்றேன்.
பத்தாவது வளைவில் அடுத்த பஸ் ஹாரன் அடித்தது.