கழிவு விலையில் ஒரு மீற்றர்

மூடப்போகிற கடைக்கு ஒரு மணம் இருக்கிறது:
அட்டைப்பெட்டி, ரப்பர், யாரோ குடித்து முடிக்காத கோப்பி.
ஹாகனில், ரயில் பாலத்துக்குக் கீழே,
எல்லாம் போகவேண்டும் என்று
மஞ்சள் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.
எல்லாம் என்றால்
சாமான் அடுக்கிய தட்டும், தட்டைத் தாங்கிய ஆணியும்.

நான் பெயின்ற் வாங்க வரவில்லை.
மூன்று மாதமாக வோஷிங் மிசினைத் தொட்டால்
விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது.
ஈரக்காலோடு நின்றால் கடிக்கிறது.
வீட்டுக்காரர் கிராம்பே ஃபோனில்
"யா, யா" என்கிறார்.
எங்கள் பேச்சில் அதற்கு "ஓம், ஓம்" என்று அர்த்தம்.

தொட்டிக்குள் முழங்கைவரை கைவிட்டேன்.
மேலே முழுக்க டெஸ்டர் ஸ்குரூட்ரைவர்,
ஒன்று தொண்ணூற்றொன்பது சதம்.
ஜேர்மன்காரர் அதற்கு வைத்த பெயர் பொய்க்குச்சி.
அதற்குக் கீழே
மூடி தொலைந்த வயர் தேடி,
கறுப்பைப் பிரிந்த ஒரு சிவப்புக் கம்பி,
செக் மொழிக் குறிப்புப் புத்தகம் மட்டும் இருந்த பெட்டி.
அடியில், மூலை கிழிந்து, மீற்றர்.

நகத்தால் விலையை உரித்தேன்.
பத்து நாற்பத்தேழுக்குக் கீழே பதினேழு நாற்பத்தைந்து,
அதற்கும் கீழே முப்பத்துநான்கு தொண்ணூறு.
காசல் பக்கம் லொறியில் போய்க்கொண்டிருந்த பேரின்பன்
"எத்தனையாவது மீற்றர்?" என்றான்.
முதலாவது.
மற்றதெல்லாம் விலை மட்டும் பார்த்தவை.

காசு மேசையில் டொம்ப்ரோவ்ஸ்கி,
பத்தொன்பது வருசமாக அதே கதிரை.
"திருப்பி எடுக்க மாட்டோம்" என்றாள்.
"எடுக்க நாங்கள் இருக்க மாட்டோம்."
அப்படியென்றால் இங்கேயே பார்க்கவேண்டும்.
விளக்குப் பகுதியில் வயர்கள் தொங்கின, கரண்ட் இல்லை.
அவள் யோசித்தாள்,
கோப்பி மிசினின் பிளக்கை இழுத்துவிட்டு
சுவரைக் காட்டினாள்.
இருநூற்று முப்பத்தொன்று.
"இன்னும் உயிர் இருக்கு" என்றாள், சுவரைப் பார்த்து.

குறிப்புப் புத்தகம், ஆறாம் பக்கம்:
இல்லை என்று சொல்லப்போகிற கருவியை
முதலில் இருக்கிற இடத்தில் தொட்டுப் பார்.
பிறகும் ஒருமுறை.

குசினியில்
சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே இருநூற்று இருபத்தொன்பது, சரி.
கறுப்பை எடுத்து எர்த் தகட்டில் வைத்தேன்.
நாற்பத்தொன்று.
இருபத்தெட்டு.
முப்பத்துமூன்று.
எங்கே இருப்பதென்று தெரியாத எண்.
குளியலறைக்கு ஓடினேன்: இருநூற்று முப்பத்தொன்று.
திரும்ப குசினி: முப்பத்தாறு.
சந்தேகம் மீற்றரில் இல்லை.

எர்த் இல்லை என்று பேரின்பனுக்குச் சொன்னேன்.
"மண்ணில்லாத சனத்துக்கு..." என்று தொடங்கினான்.
நிறுத்து, இது வயர்.
பச்சையும் மஞ்சளுமாய் ஒன்று
சுவருக்குள் எங்கோ அறுந்திருக்கிறது,
அல்லது ஒருவரும் போடவே இல்லை.

மிசினைக் கழற்றினேன்.
எண்ணையும் திகதியையும் படமெடுத்து அனுப்பினேன்.
கிராம்பே எடுத்தார். "யா, யா."

மீற்றரின் வட்டத்தைத் திருப்பினால்
லாடம்போல ஒரு குறி வரும், அதுவும் ஓம்.
எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு.
இத்தனை நாள்
அந்த மனிசன் சொன்னதை
நான் தவறான பக்கத்தில் வைத்து வாசித்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கழிவு தொண்ணூறாகியிருந்தது.
அதே மீற்றர், பெட்டிகூடக் கிழியாமல்,
மூன்று நாற்பத்தொன்பது.
ஆறு யூரோ தொண்ணூற்றெட்டுச் சதம் நட்டம் என்று
நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது.
அதையும் எடுத்தேன்.
கீழ்வீட்டு செவிமுக்கும் இதே சுவர்தான்,
கைக்குழந்தை வேறு.

காசு மேசையில் கோப்பி மிசின் இல்லை, விற்றாயிற்று.
நான் கேட்கமுன்னரே டொம்ப்ரோவ்ஸ்கி நகர்ந்து
பிளக்கைக் காட்டினாள்.
கம்பிகளை வைத்தேன்.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
இருநூற்று முப்பது.
ஒன்று குறைந்திருந்தது.