ஆளுக்கு எட்டு வரி

மாநாட்டு மலரில் பக்கம் கம்மி,
ஆளுக்கு எட்டு வரி என்றார் ஆசிரியர்.
மேலமாசி வீதி அச்சகத்தில்
மின்விசிறி தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.
இந்தச் சீமையில் எதிர்த்து யோசித்தவர்கள், சிறு குறிப்பு.
பிறப்பு, இறப்பு, கருத்து.
கருத்து ஒன்று போதும்.

முதலாமவனுக்குப் பெயரே இல்லை.
மேலூருக்குக் கிழக்கே ஒரு குகை.
கற்படுக்கைகளின் தலைமாட்டில்
கொடுத்தவர் பெயரை வெட்டியிருக்கிறார்கள்:
உப்பு வணிகன், கொழு வணிகன், ஊரார்.
ஒன்றில் மட்டும் எழுத்தில்லை.
உறங்குகிறவனுக்குக் கல் போதும்,
கல்லுக்கு எதற்குக் கொடுத்தவன் பெயர் என்று
உளியைப் பிடுங்கிக்கொண்டவன் அவன்.
கொடையை நம்பிப் பிழைத்த குகை
அடைமழையில் அவனை வெளியே அனுப்பியது.
ஆதாரம்? என்றார் ஆசிரியர்.
அந்த வெற்றிடம்தான் சார்.

செக்கடி மாயக்காள், முப்பத்தொரு வயது.
நாயக்கர் காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.
உலகம் மாயை எனப் பண்டிதர் நிறுவி முடித்த மாலையில்
எண்ணெய்க் கையோடு எழுந்து கேட்டாள்:
அப்படியானால் செக்குவரி மட்டும் ஏன்
நிசக் காசாக வேண்டியிருக்கிறது?
கூட்டம் சிரித்ததுதான் அவள் செய்த குற்றம்.
மறுநாள் செக்கை உடைத்தார்கள்.
உடைந்த உரலில் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள்.
பிறகு ஒரு காய்ச்சல்.

மீரான் கனி, புத்தகம் தைப்பவர், காஜிமார் தெரு.
கேள்வியும் ஒரு தொழுகை என்றார்.
வேறு தகவல் இல்லை.

ஞானாதிக்கத்துக்கு எட்டு வரி பத்தாது.
ரயில்வே பணிமனையில் பிட்டர்.
சந்திப்பில் அப்போது மூன்று பானை,
மூன்றுக்கும் ஒரே கிணற்று நீர்.
தண்ணீருக்குச் சாதி எந்த இடத்தில் பிடிக்கிறது,
கயிற்றிலா, குடத்திலா, மூங்கில் குழாயிலா,
என் தொண்டையில் இறங்கும்போதா
என்று சம்பளச் சீட்டின் முதுகில் எழுதி
ஸ்டேஷன் மாஸ்டருக்கு மனு கொடுத்தான்.
பதில் இல்லை.
'முந்தைய கேள்வியை எளிமையாக்கியிருக்கிறேன்' என்று அடுத்த மனு.
இப்படிப் பதினேழு.
பதினெட்டாவதை எழுதுமுன் வேலைநீக்க உத்தரவு வந்தது.
அதன் முதுகும் வெறுமையாக இருந்ததால்
அதில் எழுதினான்.
அந்தச் சித்திரையில் காலரா
மூன்று பானையிலும் இருந்தது.
கேள்விக்கு வந்த ஒரே பதில் அதுதான்,
வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

கடைசியாக யோகவல்லி, திருமங்கலம், இருபத்தாறு.
என்ன எழுதியிருக்கிறார்? என்றார் ஆசிரியர்.
எழுதவில்லை. மெய்ப்புப் பார்த்தாள்,
இதே அச்சகத்தில், அதோ அந்த ஸ்டூலில்.
தன் கல்யாணப் பத்திரிகை படிவம் வந்தபோது
அப்பா பெயருக்குப் பின்னாலிருந்த சாதிப் பட்டத்தைச்
சிவப்பு மையில் அடித்து
ஓரத்தில் குறித்தாள்: அச்சுப்பிழை.
மாப்பிள்ளை வீட்டுப் பெயரிலும் அப்படியே.
பத்திரிகை அச்சேறவில்லை.
ஆவணியில், சுற்றுச்சாலையில், ஒரு லாரி.
விபத்து என்கிறது முதல் தகவல் அறிக்கை.
அந்தச் சொல்லையும் அடித்திருப்பாள்.

ஆசிரியர் பேனாவை மூடினார்.
இது வேண்டாம்ப்பா, ஆட்கள் வருவார்கள்.
இடத்துக்குப் பாத்திரக்கடை விளம்பரம் இருக்கு,
அளவும் சரியா வரும்.

வெறுமையாக விடுங்கள், நான் தருகிறேன் என்றேன்.
ஆயிரத்து இருநூறு.
எண்ணி வாங்கிக்கொண்டு ரசீது கிழித்தார்.
கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில்
புள்ளி புள்ளியாக ஒரு கோடு.
அதைத் தொட வேண்டாம் என்றேன்.