கடுக்காய் கொடுத்தது

செவ்வாய்ப்பேட்டை நாட்டுமருந்துக் கடையில் கேட்டார்:
வயிற்றுக்கா, முடிக்கா?
எலும்புக்கு என்றேன்.
எலும்புக்குப் பிரண்டை என்று
கை வேறு டப்பாவுக்குப் போனது.
இல்லைங்க,
எலும்போடு சேர்த்து முடுக்குகிற உலோகத்துக்கு.
என்னை ஒருமுறை முழுதாகப் பார்த்தார்.
சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிய சரக்கு
கால் கிலோ,
கொசுறாக இரண்டு காய்.

ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்ன
டைட்டானிய வில்லைகள் என்னிடம் நாற்பது.
சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறையில்
சனி இரவுகளில் கெஞ்சி மெருகேற்றியவை.
வெள்ளி சொன்ன பேச்சு கேட்கும்,
இது பிடிவாதம் பிடிக்குது, என்பாள் குணவதி,
யார் காலுக்கு?
காலுக்கு உள்ளே.
அப்ப முத்து வைக்க வேண்டாம் என்று
மெஷினை நிறுத்தாமலே சிரித்தாள்.

உடம்பு, உலோகத்தைச் சம்பந்தி போல் வரவேற்பதில்லை.
அறுபட்ட இடத்தில் ஆக்சிஜன் வெறிபிடித்து அலையும்.
எலும்பு கட்ட வருகிற செல்களை
வாசலிலேயே பொசுக்கும்.
துவர்ப்புக்குத்தான் அந்த வெறியை
வாங்கித் தன்மேல் போட்டுக்கொள்ளத் தெரியும்.
தான் கறுக்கும்,
பக்கத்தில் இருப்பதை விட்டுவிடச் சொல்லும்.
ஆகவே
உலோகத்துக்குத் துவர்ப்பால் ஒரு சட்டை.
திட்ட அறிக்கையில் இதையே
பதினொரு பக்கம் எழுதியிருந்தேன்.

சட்டை நிற்கவில்லை.
முதல் பூச்சு உப்புநீரில் மூன்றாம் நாள் உரிந்தது.
இரண்டாவது, ஊதினால் போனது.
சூடு கூட்டினேன், குறைத்தேன்,
காய்ச்சி வடித்த நீரை
மறுபடி வடித்தேன், அத்தனை சுத்தம்.
ஐந்து முறை
கடுக்காய் எனக்குக் கடுக்காய் கொடுத்தது.

பொங்கலுக்கு ஆய்வகம் பூட்டிய ஐந்து நாளும்
மேசையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடந்திருக்கிறது,
தொண்டைக்கட்டுக்கு நான் ஊறவைத்து
மறந்துபோன கடுக்காய்த்தூளோடு.
இருசப்பன் தேய்த்தான்.
புளி, சாம்பல், கம்பிநார்.
கறை அசையவில்லை.
மேடம், இந்த டம்ளர் இனி உங்களுக்குத்தான்
என்று கொண்டுவந்து வைத்தான், கோபமாக.

எந்தத் தண்ணி ஊத்தினேன்?
குழாய்த் தண்ணி. கருப்பூர் போர்வெல்.
வெள்ளைக்கல் கரடுகளுக்கு அடியில் ஊறி
மெக்னீசியம் சுமந்து வருகிற தண்ணி.
துணி வெளுக்காது, பருப்பு வேகாது,
கெண்டியின் வாயில் பாறை கட்டும்.
ஊரே திட்டுகிற தண்ணி
ஒட்டவைத்திருக்கிறது.
நானோ நாலு மாதமாக
ஒட்டுகிற எல்லாவற்றையும்
வடிகட்டி எறிந்துகொண்டிருந்தேன்.

ஆறாவது முறை மெக்னீசிய உப்பு ஒரு சிட்டிகை,
கொஞ்சம் காரம்.
வில்லைகள் பழுத்த பனையோலை நிறத்தில் வெளிவந்தன.
நகத்தால் சுரண்டினேன்,
செய்யக் கூடாது என்று தெரிந்தும்.

மூன்றாம் நாள் இரவு நுண்ணோக்கியில்
செல்கள் காலை நீட்டிப் பரவியிருந்தன,
பஸ்ஸில் சீட்டு கிடைத்தவர்கள் மாதிரி.
இருசப்பனைக் கூப்பிட்டேன்.
ஏற்காட்டுப் பாதையில் பதினாலாவது வளைவில்
பைக்கோடு போனவன்.
இடது தொடையில் ஒரு தண்டு, நாலு திருகு.
பனிக்காலத்தில் படி ஏறும்போது
எண்ணி எண்ணி ஏறுவான்.

என்னுதுக்கும் இதைப் பூச முடியுமா மேடம்?
உள்ளே போனதுக்கு முடியாது இருசப்பா.
இதுவே ஆள்மேல் வர எத்தனை வருஷமோ,
வராமலும் போகலாம்.
சரி.
என்னுது மாதிரி எது?

பூச்சு இல்லாத வில்லையை வைத்தேன்.
ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வளர்ப்பது,
எண்ணிவிட்டுக் கொட்டிவிடுவது.
அவன் நெடுநேரம் குனிந்திருந்தான்.
ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல்
கையால் பொத்திக்கொண்டு.

கம்மிதான், என்றான்.
ஆனா
வந்திருக்குதுல்ல.

அன்றைக்கு அந்த வில்லையை
நான் கொட்டவில்லை.
காரணம் என்ற இடத்தில்
குறிப்பேட்டில் ஒன்றும் எழுதவும் இல்லை.