இதர செலவு

பில் மூன்று முறை திரும்பி வந்தது.
இரண்டு முறை கப்பலின் பெயருக்காக.
எந்த நாட்டு மொழியோ, எழுத்தின் தலையில்
நான் வைக்க மறந்த இரண்டு புள்ளிகள்.
வம்பாக்கீரப்பாளையத்துக் கலியவரதன்
முதல்நாளே அதற்கு வெள்ளையம்மா என்று பெயரிட்டுவிட்டான்.
நானும் அந்தப் பெயரில்தான் கோப்பைத் திறந்தேன்.

நீளம் தொண்ணூற்றிரண்டு மீட்டர்.
கரையிலிருந்து இரண்டு மைலில் நங்கூரம்.
கடற்கரைச் சாலையில் ஐஸ்கிரீம் தின்றவர்கள்
ஒற்றைக் கண்ணை மூடி அளந்து பார்த்தார்கள்:
சுண்டுவிரல் நகம்.

அந்த நகத்துக்குள்
தரை எழும்பினால் நடனமேடையாகிவிடும் நீச்சல்குளம்.
விலாவில் கதவு, கதவுக்குள்
மூன்று பேர் அமரும் நீர்மூழ்கி.
ஹெலிகாப்டர் இறங்க இரண்டு வட்டங்கள்
(ஒன்று விருந்தாளியுடையதற்கு).
வெயிலில் வெந்து வருகிறவர்கள் போய் நிற்க ஓர் அறை,
அதன் கூரையிலிருந்து பனி பெய்யும்.
ஏப்ரல் மாதம்,
புதுச்சேரிக்கு எதிரே,
பனி.

ஓடினால்தானே டீசல் என்று நினைத்திருந்தேன்.
நிற்பதற்கே நாளைக்கு மூவாயிரம் லிட்டர்.
நாற்பத்தாறு பேருக்குச் சம்பளம், காப்பீடு,
உப்பு படாமல் உடம்பெல்லாம் துடைக்கத் தனி ஆட்கள்.
கட்டிய விலையில் பத்தில் ஒரு பங்கு
வருடா வருடம் போகும் என்றார் முதல் அதிகாரி,
வீட்டில் நாய் வளர்ப்பவர் பிஸ்கட் விலை சொல்வதுபோல.
பத்து வருடத்தில் தன்னைப்போல் இன்னொன்றைத்
தின்று முடித்திருக்கும்.
பெருக்கிப் பார்த்தேன்.
கால்குலேட்டர் ஓர் எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுபோனது.

பிறகு பட்டியல் வந்தது.
வெள்ளை ஆர்க்கிட், வாசனையுள்ள பூ கூடாது.
எலுமிச்சை நூற்றிருபது, எல்லாம் ஒரே அளவில்.
பெரிய மார்க்கெட்டில் தனபாக்கியம்
கையிலிருந்த வளையலைக் கழற்றி
ஒவ்வொரு பழமாக உள்ளே விட்டுப் பார்த்தாள்.
நுழையாதது எனக்கு,
நழுவி விழுந்தது அவளுக்கு,
நடுவில் சிக்கியது கப்பலுக்கு.

நங்கூரச் சங்கிலி கலியவரதன் வலையை அறுத்தது இரண்டாம் இரவு.
பதினெட்டாயிரம் என்றான்.
கேப்டன் சரி என்றார்.
எதிர்க்கேள்வி இல்லை, பேரம் இல்லை,
எந்தத் தலைப்பில் போடுவது என்பதற்கு மட்டும் ஒரு சொல்:
இதர.
அலுவலகப் படியில் உட்கார்ந்து
ரொம்ப நேரம் புழுங்கினான் கலியவரதன்.
முப்பது கேட்டிருக்கணும்.
இல்ல, அம்பது.
இல்ல, அந்தாள் கொஞ்சமாவது
சண்டை போட்டிருக்கணும்.

விரிப்புகள் அறுபத்து நான்கு, படகில் கரைக்கு வந்தன.
சலவைக்கடை அந்துவான் போன் செய்தார்.
மேடம், இதுல அழுக்கே இல்லையே.
எண்ணெய் இல்ல, வேர்வை இல்ல, ஒரு முடி இல்ல.
முகர்ந்து பாத்தேன், மனுஷ வாசனையே இல்ல.

கப்பலில் கேட்டேன்.
முதலாளி வந்து பதினான்கு மாதம் ஆகிறதாம்.
ஆனால் எந்த மணியிலும் வந்து இறங்கலாமாம்.
அதனால் தினமும் விரிப்பு மாறும்,
பூ மாறும்,
எலுமிச்சையை நறுக்கி வைப்பார்கள்,
ஆளில்லாத அறையில்
சரியாக நான்கு மணிக்குப் பனி பெய்யும்.

துவைக்காமலே மடித்துக் கொடுங்களேன், யாருக்குத் தெரியும் என்றேன்.
துவைக்காம காசு வாங்கினா கை கூசும் மேடம்
என்றார் அந்துவான்.

நான்காம் நாள் காலை நகம் இருந்த இடத்தில்
வெறும் கடல்.
மூன்றாம் முறை பில் திரும்பியது எண்ணிக்கைக்காக:
விரிப்பு அறுபத்து நான்கு,
சலவைக்கடை ரசீதில் அறுபத்து மூன்று.
தொலைந்துவிட்டதா என்று
பதறிப்போய் அந்துவானைக் கேட்டேன்.

எல்லாத்தையும் அனுப்பிட்டேன் மேடம்.
ஒண்ணுல மட்டும் ராத்திரி
நான் படுத்துப் பாத்தேன்.
காலையில நெசமாவே துவைக்க வேண்டியதாப்போச்சு.
அதுக்குக் காசு வேணாம்.