ஓரம் வெட்டும் ரீவி

டொக்யார்ட் வீதிக் கடையில் றிஸ்கான்
மேசைக்குக் கீழே கைவிட்டுத் துழாவி
பதினைந்து மீற்றர் வயரை எடுத்துத் தந்தான்.
"இதுக்கு மேல நீளம் போனா படம் நடுங்கும் அக்கா.
பழைய ரீவி எண்டா ஓரத்தையும் வெட்டும்."
வெட்டட்டும். ஹோலில் இருக்கிற ரீவிக்கும்
அறையில் இருக்கிற எனக்கும் இடையில்
ஒரு சுவர், ஒரு யன்னல்,
கதவு சரியாய் மூடாத ஒரு ஃபிரிட்ஜ்.

மொனிற்றர் ஏற்கெனவே இரண்டு.
ஒன்று புதிது, தவணைக்காசு.
மற்றது மூடிப்போன கொமியூனிகேஷன் ஒன்றின் மிச்சம்,
மூலையில் யாரோ ஒட்டிய மான் ஸ்டிக்கருடன்.
நான் கழற்றவில்லை.
பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிற மான்களை
யார் கழற்றினார்கள்?

பழையதன் வாய் வேறு, கணினியின் வாய் வேறு.
நடுவில் ஓர் அடாப்டர்
கலியாணத் தரகர் மாதிரி
இரண்டு பக்கமும் பேசிப் பேசிச் சூடாகிறது.

எந்தத் திரை எந்தப் பக்கம் என்று
கணினிக்கு நாம்தான் சொல்லவேண்டும்.
ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று பெட்டிகள்.
இடத்தில் இருப்பதை வலத்தில் வைத்துவிட்டேன்.
கொட்டியாரக் குடாவுக்குப் புறப்பட்ட அம்புக்குறி
உப்புவெளியில் கரையேறியது.
இந்த ஊரில் அது பெரிய பிழையில்லை.
எந்தப் பக்கம் நடந்தாலும்
கடைசியில் தண்ணீர்.

இழுத்து, விட்டு, சரிசெய்தேன்.
இடது திரையில் கொழும்புக் கம்பனியின் கணக்கு.
வலது திரையில் என் சொந்தக் கணக்கு.
ரீவியில் பகீரதனுக்குக் கிரிக்கெட்.
மூன்றுக்கும் மவுஸ் ஒன்றுதான், அது என்னிடம்.
"கொஞ்சம் பெரிசாக்கு" என்று ஹோலிலிருந்து குரல் வரும்.
அம்புக்குறியைச் சுவர் தாண்டி அனுப்பிவைப்பேன்.

ஞாயிறு. மேட்ச். ஆறுபேர் வந்திருந்தார்கள்,
மூதூரிலிருந்து மச்சாளும்.
கரண்ட் ஒருதரம் கண்ணிமைத்தது.
கணினி எழும்பியபோது
நான் சொல்லிவைத்த எல்லாவற்றையும் மறந்திருந்தது.
நீட்டச் சொன்னதை
அப்படியே காட்டச் சொன்னதாக எடுத்துக்கொண்டது.
அது தெரியாமல்
என் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு
கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஹோலில் சத்தம் நின்றது.
விக்கெட் விழுந்ததாக்கும் என்றிருந்தேன்.

நாற்பத்துமூன்று அங்குலத்தில்
நான் கொடுத்த கடன்கள்.
திகதி இருந்தது, தொகை இருந்தது, குறிப்பு இருந்தது.
பெயர்களைத்தான் ரீவி வெட்டியிருந்தது,
வால்கள் மட்டும் மிச்சம்.

…ன்   25,000   மகளின் சாமத்தியவீட்டுக்கு
…ன்   8,000   தருவார்
…ர்   85,000   கேட்க வெட்கம்
…ன்   12,500   காணும்போது ரோட்டைக் கடக்கிறார்

திருகோணமலையில் பாதி ஆம்பிளைகள்
'ன்'னில்தான் முடிகிறார்கள்.
சுகிர்தமலர் மச்சாள்
கடித்த றோல்ஸை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.
நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது
ஆறுபேரும் ஆறு திசை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பகீரதன் ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்து
எல்லாப் பொத்தானையும் அமுக்கினான்.
கடனுக்குக் கீழே
சத்தத்தின் பச்சைக் கோடு மட்டும்
கூடிக்கொண்டே போனது.

திங்கள் விடிய, கேற்றடியில் வில்வராசன்.
சைக்கிளை விட்டு இறங்கவில்லை.
மூன்று ஆயிரம் ரூபாய்த் தாள்களை நீட்டினார்.
"கொரோனா நேரம் வாங்கினது. நீங்க மறக்கேல்லப்போல."
அவருடைய பெயர் என் பட்டியலிலேயே இல்லை.
உள்ளே போய் ஒரு வரி கூட்டி
அதை உடனே அழித்தேன்.
மச்சாளிடமிருந்து
இன்னும் ஒரு கோல் இல்லை.

மத்தியானம் றிஸ்கான் எடுத்தான்.
"அக்கா, அந்த ஓரம் வெட்டுறதுக்கு
ரீவி செட்டிங்கில ஒரு வழி இருக்கு. சொல்லவா?"
இருக்கட்டும் தம்பி என்றேன்.
இன்னும் ரெண்டு மேட்ச் இருக்கு.