பூசணிக்கும் சேர்த்து

மூன்று கேசட்.
ஒன்று வளைகாப்பு, ஒன்று சுகிர்தாவின் சடங்கு,
மற்றது திருமங்கலத்தில் நடந்த என் கல்யாணம்.
"பூஞ்சை பிடிக்கிறதுக்குள்ள பைலா மாத்தும்மா"
என்கிறாள் ஆக்லாந்திலிருந்து, எனக்கு விடியும் முன்பே.
"தாத்தா நடக்கிறதைப் பார்க்கணும்.
போட்டோவில் எப்பப் பார்த்தாலும் நிக்கிறார்."

எந்தக் கடை என்று அவள் கேட்கவில்லை.
அது என் பாடு.

டவுன்ஹால் ரோட்டில் முதல் கடை.
பையன் கேசட்டை வாங்கி மோந்து பார்த்தான்.
மணிக்கு இருநூற்றைம்பது, பென்டிரைவ் தனி.
"நடுவுல அழிஞ்சிருந்தா சொல்லுங்கக்கா,
பாட்டு போட்டு ஒட்டிரலாம், யாருக்கும் தெரியாது."
போட்டுப் பார்க்காமலே எப்படித் தெரியும் என்று
வேர்த்துவிட்டது எனக்கு.
படி இறங்கும்போது கேட்டது,
அடுத்து வந்தவரிடமும் அதையேதான் சொன்னான்.

சிம்மக்கல்லில் விலை பாதி.
தரையில் கேசட் குவியல், மேலே கிடந்ததில்
மார்க்கரில் 'காதுகுத்து, முழுசு'.
டிவி வாசலைப் பார்த்து இருந்தது.
யார் வீட்டுப் பந்தியோ ஓட,
டீ கொண்டுவந்த பையன் நின்று
இலையில் என்னென்ன என்று எண்ணிக்கொண்டிருந்தான்.
பையைத் திறக்காமலே திரும்பினேன்.

கூரியரில் சென்னைக்கும் அனுப்பலாம்.
படிவத்தில் 'பொருளின் மதிப்பு' என்று ஒரு கட்டம்.
பேனா அங்கேயே நின்றது.

இவர் பேப்பரை மடிக்காமல் சொன்னார்:
"எங்க போட்டா என்ன, எல்லாம் ஒரே மிஷின்தான்."

ஒரே மிஷின்தான்.
தொண்ணூற்றிரண்டில், வீட்டில் யாருமில்லாத ஒரு சாயங்காலம்,
கேசட் முதுகில் உடைத்துவிட்டிருந்த
சின்னப் பல்லின் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டிச்
சிவப்புப் பொத்தானை அழுத்தியவள் நான்.

தாலிக்கு முன்னால், ஸ்கூட்டர் சாவி வரவில்லை என்று
மேளம் நின்றது. கேமராக்காரர் நிறுத்தவில்லை.
லைட் வெளிச்சத்தில் அப்பா
இவர் மாமாவிடம், அம்மாவிடம், பிறகு இவரிடம்
கூப்பிய கையோடு நடக்கிறார்.
பதினோரு நிமிடம்.
வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார்கள்.
அந்த இடம் வந்ததும் வேகமாக ஓட்டுவார்கள்.
அப்பா குடுகுடுவென்று ஓடுவார்,
பிள்ளைகள் சிரிக்கும்.

அதன் மேல் ஏறியது
அன்று தூர்தர்ஷனில் ஓடிய பூசணிச் சாகுபடி.

மற்றபடி அந்தக் கேசட்டில் அப்பா எங்குமே இல்லை.
சமையல்கட்டில் நின்றிருப்பார்.
இலைக்காரருக்குப் பணம் எண்ணியிருப்பார்.
இதை நான் யோசித்தது இப்போதுதான்,
முப்பது வருஷம் கழித்து, ஆரப்பாளையம் பஸ்ஸில்.

ஞானஒளிவுபுரத்தில் ஒரு மாடிக்கடை. மிக்கேல் என்று பெயர்.
டிவி சுவரைப் பார்த்து இருந்தது, சத்தமில்லை.
கேசட்டைத் திருப்பினார். செல்லோடேப்பின் மேல்
கட்டைவிரல் ஒரு நொடி நின்று நகர்ந்தது.
ரசீதில் எழுதினார்: உருப்படி மூன்று, வியாழன்.
கொடுத்துவிட்டேன்.
விலை கேட்கவில்லை என்பது
பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

வியாழக்கிழமை கேட்டார்:
"நடுவுல கொஞ்சம் வேற ஓடுது.
வெட்டவா, இருக்கட்டுமா?"
"இருக்கட்டும்."
"சேருற இடத்துல ஒண்ணு இருக்கு, பாக்குறீங்களா?"

டிவியை என் பக்கம் திருப்பினார்.
கோடு கோடாய் மழை. அதற்குள், கண் சிமிட்டும் நேரம்,
வெள்ளைச் சட்டையில் அப்பா.
ஒரு கால் தரையில், மற்றது தூக்கியபடி.
கை படத்துக்கு வெளியே.
பிறகு பூசணிக்கொடி.

பில் மணிக்கணக்கில். பூசணிக்கும் சேர்த்துக் கொடுத்தேன்.

ராத்திரி அனுப்பிவைத்தேன்:
நாற்பத்திரண்டாவது நிமிடம், நிறுத்தி நிறுத்திப் பார்.
ஸ்கூட்டர் எடைக்குப் போன வருஷம் பிறந்திருந்தாலாவது
சும்மா இருப்பாள். இவள் அதன் முன்னால் நின்று
ஸ்கூலுக்குப் போனவள்.

காலையில் பதில் வந்திருந்தது:
"தாத்தாவைப் பார்த்துட்டேன். ஒரு காலைப் பார்த்துட்டேன்.
அது சரி, எதுக்கும்மா நடுவுல பூசணிக்காய்?"

இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறேன்,
அழித்தும்.